அண்ணன் வைத்துப்போன ஃபியூஸ் டப்பா

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். கோயில் மாதர் சங்கத்தில் என் பெயரைக் கூப்பிட்டால்கூட எழுந்து நிற்காமல் பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பேன். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன். சாந்தோமில் என்னோடு பாவாடை சட்டையில் திரிந்து, இப்போது மூக்குக் கண்ணாடியோடு பேரப்பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுகிற உங்களில் சிலருக்கு எங்கள் வீட்டு ரேடியோ நினைவிருக்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீங்களும் பாட்டுக் கேட்டிருக்கிறீர்கள். அது பேசாமல் கிடந்த காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போன மாதம் என் வீட்டில் மின்சாரம் பார்க்க வந்த பிள்ளை உள்ளங்கை அளவு மஞ்சள் பெட்டி ஒன்றை எடுத்தான். மல்டிமீட்டராம். ஃபியூஸின் இரண்டு முனையிலும் அதன் கம்பிகளை வைத்தான். பெட்டி ‘பீ’ என்று கத்தியது. “பீஸு நல்லா கீது ஆன்ட்டி, வேற எங்கியோ கோளாறு” என்றான். நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டேன். மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நல்ல பிள்ளை.

எங்கள் ரேடியோ கடையில் வாங்கியது அல்ல. சைதாப்பேட்டையில் சித்தப்பா எலெக்ட்ரிக் கடை வைத்திருந்தார். என் அண்ணன் அங்கேதான் வேலை செய்தான். யாரோ துரை வீட்டில் உடைந்துபோன செட்டை வாங்கிவந்து, வெயில் காலம் முழுக்க உட்கார்ந்து, அதற்கு உயிர் கொடுத்தான். பெட்டியின் பின்பக்கம் சின்னதாக ஒரு மாட்டி வைத்து, அதில் கண்ணாடி ஃபியூஸ் ஒன்றைப் பொருத்தினான். பென்சில் கனம்தான் இருக்கும். இரண்டு பக்கமும் பித்தளைத் தொப்பி, நடுவில் கண்ணாடிக் குழல், குழலுக்குள் தலைமுடி போல ஒரு கம்பி.

பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறும் முன் அண்ணன் பெப்பர்மின்ட் டப்பா ஒன்றை அம்மாவிடம் கொடுத்தான். உள்ளே பஞ்சு வைத்து அதே மாதிரி ஃபியூஸ்களை அடுக்கியிருந்தான்.

“ரேடியோ திடீர்னு நின்னுட்டா பயப்படாதம்மா. கரண்டு கோவிச்சிக்கிட்டா இந்தக் கண்ணாடித் துண்டு மட்டும்தான் போவும். மத்ததெல்லாம் பொழைச்சிக்கும். சித்தப்பாவைக் கூப்பிட்டு ஒண்ணு மாத்தச் சொல்லு, போதும்.”

அம்மா அந்த டப்பாவை மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள். பிறகு சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்தது. அண்ணன் பிடிபட்டவர்களில் ஒருவன் என்பது மட்டும் தெரிந்தது. அதற்கு மேல் ஒரு வரி வரவில்லை.

சண்டை முடிந்த வருஷம் கிண்டியில் மிலிட்டரி சாமான்களை ஏலம் போட்டார்கள். சித்தப்பா அங்கிருந்து ஒரு மீட்டர் வாங்கிவந்தார். கறுப்புப் பெட்டி, தோல் வார், மேலே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே மெல்லிய ஊசி. சிவப்பாக ஒரு கம்பி, கறுப்பாக ஒரு கம்பி. எங்கள் வீட்டில் அதற்கு ஊசிப் பெட்டி என்று பெயர். நடுவில் ஒரு திருகு, திருகில் வெள்ளைக் கோடு. ஃபியூஸைச் சோதிக்கும்போது அந்தக் கோடு வலது பக்கம் பார்க்க வேண்டும். இரண்டு கம்பியையும் ஃபியூஸின் தொப்பிகளில் தொட்டால் ஊசி துள்ளி எழும்.

“உயிர் கீது” என்பார் சித்தப்பா. எழாவிட்டால், “செத்துச்சி.”

எனக்கு அப்போது ஒன்பது வயது. அவர் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு ஓடுவேன். கரண்டிக்கு உயிர் இருந்தது. கத்தரிக்கோலுக்கு, அக்காவின் வளையலுக்கு, அம்மாவின் ஜெபமாலையில் இருந்த சிலுவைக்கு, எல்லாவற்றுக்கும் இருந்தது. பன் ரொட்டிக்கு இல்லை. அப்பாவின் சாக்பீஸுக்கு இல்லை. “வாத்தியார் சாமான் எதுக்குமே உயிர் கெடையாது பாரு” என்று சித்தப்பா சொல்ல, பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா பேப்பருக்குப் பின்னால் சிரிப்பார். திருகை மட்டும் நான் தொடக் கூடாது. அதனாலேயே எனக்கு அதன்மேல் கண்.

அந்த மழைக்காலத்தில்தான் மாலைச் செய்திக்குப் பிறகு ரேடியோவில் பெயர்கள் படிக்க ஆரம்பித்தார்கள். முகாம்களிலிருந்து திரும்பி வருகிறவர்களின் பெயர், ஊர். அதன் பின் சின்ன இடைவெளி விட்டு, வராமலே போனவர்களின் பெயர், ஊர். அம்மா அரிசி களைந்த கையோடு வந்து தரையில் உட்காருவாள். முதல் பட்டியல் முடிந்ததும் தலையைக் குனிந்துகொள்வாள். இரண்டாவதும் முடிந்து அண்ணன் பெயர் வரவில்லை என்றால், “நாளைக்கு” என்று சொல்லி எழுந்து போவாள். அந்த ஒரு சொல்லில் அவளுடைய நாள் முடியும்.

ஒரு நாள் மாலை ஜெபம் முடிந்து கோயிலிலிருந்து வந்தோம். சித்தப்பா வந்திருந்தார். அவரும் அப்பாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ரேடியோவின் குமிழைத் திருப்பினாள். விளக்கு எரியவில்லை.

சித்தப்பா பின்பக்கம் திருப்பி ஃபியூஸைக் கழற்றி ஊசிப் பெட்டியில் வைத்தார். ஊசி எழவில்லை.

“செத்துச்சி அண்ணி.”

“அதனால என்ன தம்பி? இருங்க” என்று அம்மா மாதா படத்துக்குப் பின்னாலிருந்து பெப்பர்மின்ட் டப்பாவை எடுத்துவந்தாள். முகத்தில் ஒரு பெருமை. பிள்ளை முன்யோசனையாக வைத்துவிட்டுப் போனது அல்லவா.

டப்பாவைப் பார்த்ததும் சித்தப்பாவின் கை அப்படியே நின்றது. அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார். பிறகு சித்தப்பா ஊசிப் பெட்டியைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு, பஞ்சிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். ஒன்றை வைத்தார். ஊசி எழவில்லை. இன்னொன்று. எழவில்லை. ஒவ்வொன்றுக்கும் அம்மா குனிந்து பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் “இதுவுமா?” என்றாள். கடைசிக்கு முந்தினதை அவர் கையிலிருந்து வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“கம்பி முழுசாத்தானே தெரியுது?”

“கண்ணுக்கு அப்பிடித்தான் தெரியும் அண்ணி. தொப்பிக்கு உள்ளார விட்டுப் பூட்டிருக்கும். கண்ணு பொய் சொல்லும், மீட்டரு சொல்லாது.”

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை. தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள்.

நான் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். “சித்தப்பா, வெள்ளைக் கோடு வேற பக்கம் இருக்கே?” என்றேன்.

அதுவரை என்னை அதட்டியே அறியாதவர், “சும்மா கெட பாப்பா!” என்று கத்தினார். எல்லா ஃபியூஸையும் டப்பாவில் அள்ளிப்போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். “செத்ததை ஊட்ல வெச்சி இன்னா பண்றது? நான் புச்சு தேடிக்கினு வரேன்.”

அன்று அம்மா ‘நாளைக்கு’ சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லையே.

புதியது வரவில்லை. கப்பல் வரணும் என்றார், மவுண்ட் ரோடு பூரா அலைந்துவிட்டேன் என்றார். கிறிஸ்துமஸ் வந்தது. சித்தப்பா மூங்கில் பிளாச்சில் வண்ணக் காகிதம் ஒட்டி நட்சத்திரம் செய்து, உள்ளே பல்பு போட்டு வாசலில் கட்டினார். அம்மா கீழே நின்று பார்த்தாள்.

“நட்சத்திரத்துக்குக் கரண்டு வருது. ரேடியோவுக்கு மட்டும் வராதா தம்பி? அந்த இடத்துல வெறும் கம்பி ஒண்ணைச் சுத்தி விட்டுடுங்களேன்.”

சித்தப்பா ஏணியிலிருந்து இறங்கவே இல்லை. மேலிருந்தபடியே, “செட்டே எரிஞ்சி பூடும் அண்ணி. அவன் கையால கட்டினது” என்றார்.

அதற்குமேல் அம்மா கேட்கவில்லை. ரேஷனில் கிடைத்த சர்க்கரையில் செய்த கல்கல் பலகாரத்தில் ஒரு பங்கு எடுத்து, ஓவல்டின் டப்பாவில் போட்டு மூடி, அண்ணனுக்கு என்று வைத்தாள்.

குப்பத்திலிருந்து வரும் மீன்காரம்மா தினமும் கேட்பாள். “இன்னாம்மா, உங்கூட்டுப் பொட்டி இன்னும் ஊமையாத்தான் கீதா? எங்கூட்டுக்காரன் மாரி ரெண்டு சாத்து சாத்தினாத்தான் பேசுமோ இன்னாவோ.”

அம்மா சிரித்துவிடுவாள். அந்த மாதங்களில் அவளைச் சிரிக்க வைத்தது மீன்காரம்மாதான். ஒரு நாள் அவள் அண்ணனைப் பற்றிக் கேட்டுவிட்டு, வஞ்சிர மீனைத் துண்டு போட்டபடியே சொன்னாள்: “நீ கலங்காத தாயி. எங்க ஆளுங்க கடல்ல பூட்டு மாசக்கணக்கா வரலன்னாலும் நாங்க பொட்டு அழிக்க மாட்டோம். வலையோ, கட்டையோ, கோமணத் துணியோ, எதுனா கரைல ஒதுங்கணும். ஒதுங்கற வரிக்கும் ஆளு உசுரோட கீறான்னுதான் கணக்கு.”

எதிர் வீட்டு மாமியிடம் ரேடியோ இருந்தது. அம்மா ஒரு மாலை தயங்கித் தயங்கிப் போனாள். மாமி அன்பாகத்தான் பேசினாள். “நீங்க எதுக்கு அலையணும்? எங்காத்துல தினம் கேட்டுண்டுதான் இருக்கா. பேர் வந்தா நானே ஓடி வந்து சொல்ல மாட்டேனா?” அம்மாவும் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். பாதித் தெரு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மாமிக்குத் தெரிந்தது அண்ணனை நாங்கள் வீட்டில் கூப்பிடும் பெயர். பட்டாளத்தில் கொடுத்தது ஞானஸ்நானப் பெயர். திரும்பிப் போய் அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சம். என்னிடம் இருக்கும் கூச்சமும் அவளிடமிருந்து வந்ததுதான்.

அக்காவின் கல்யாணம் தவக்காலத்துக்கு முன்பு என்று நிச்சயமாகியிருந்தது. ஊரே காலியான சண்டைக் காலத்தில் ஒரு முறை தள்ளிப்போன கல்யாணம். மாப்பிள்ளைக்கு நாக்பூர் பக்கம் ரயில்வேயில் வேலை. லீவு முடிந்தால் போய்விடுவார். அக்காவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அந்த நாளில் அதை யாரும் மெதுவாகப் பேசமாட்டார்கள், உங்களுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டு வழக்கப்படி மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டியது பெண்ணின் சகோதரன். பங்காளி வீட்டுப் பையன் யாராவது போடட்டும் என்றார் அப்பா. அம்மா கேட்கவில்லை. “அதுக்குள்ள வந்துடுவான். வரலன்னா வந்தப்புறம் போடட்டும்” என்று மோதிரத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். கோயிலில் பூசை முழுக்க அந்த முடிச்சைக் கையில் பிடித்திருந்தாள். பாட்டுக் கூட்டத்தோடு சேர்ந்து பாடினாள். அவள் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. சித்தப்பா கடைசி பெஞ்சில் முழங்காலில் இருந்தார். எல்லோரும் எழுந்தபோது அவர் எழவில்லை.

அக்காவை ரயிலேற்றியாயிற்று. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அப்பா கதவைச் சாத்தினார். துக்கத்தைச் சொல்ல ஏற்ற நாள் என்று அவர் யோசித்து வைத்திருக்க வேண்டும். சித்தப்பாவும் வந்திருந்தார். எல்லோர் நெற்றியிலும் சாம்பல்.

“உட்காரு” என்றார் அப்பா. சித்தப்பாதான் சொன்னார். மழைக்காலத்தில் முகாமிலிருந்து திரும்பிய ஓர் ஆள், அண்ணன் சொல்லியிருந்த அடையாளத்தை வைத்துச் சைதாப்பேட்டைக் கடையைத் தேடி வந்தானாம். பர்மா பக்கம் காட்டில் வேலை வாங்கினார்களாம். வாந்திபேதி கண்டு பலர் போனார்களாம். அண்ணனும் போய்விட்டானாம்.

அம்மா அழவில்லை. “அந்த ஆளு எங்க?”

“அன்னிக்கே ரயில் ஏறிட்டான் அண்ணி. திருநவேலிப் பக்கம்னான். ஊர் பேர் கேக்கத் தோணல எனக்கு.”

“இவன் சாமான் எதனா கொண்டாந்தானா? ஜெபமாலை? சட்டை?”

“ஒண்ணும் இல்ல அண்ணி.”

“ஒண்ணுமே ஒதுங்கலையா?”

மீன்காரம்மாவின் சொல். அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

அப்பா சொன்னார்: “கல்யாணம் முடியட்டும்னுதான். ரேடியோவில் ரெண்டாவது பட்டியலும் படிக்கிறாங்க. அதில் பெயர் வந்து நீ கேட்டுட்டா, இந்தக் கல்யாணமும் நின்னுடும். ஒரு வருஷம் துக்கம். அவங்க காத்திருப்பாங்களா? அதனாலதான் நானும் தம்பியும்...”

அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவை.

“சின்னவ அன்னிக்கே சொன்னாளே. வெள்ளைக் கோடு வேற பக்கம் இருக்குன்னு.”

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். திருகை மாற்றி வைத்தால் நல்ல ஃபியூஸுக்கும் ஊசி எழாது. எல்லாம் நல்ல ஃபியூஸ். அத்தனைக்கும் உயிர் இருந்தது. ரேடியோவில் முதலில் மாட்டியிருந்தது மட்டும்தான் செத்தது, அதையும் நாங்கள் கோயிலில் இருந்தபோது அவர்தான் கொண்டுவந்து மாட்டியிருந்தார்.

அதைக் கேட்டு அம்மா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் வந்தது வேறு. இருட்டில் தடவிக்கொண்டிருந்தவள் கையில் கதவு அகப்பட்டது போல இருந்தது.

“அப்போ ரேடியோ நல்லாத்தான் இருந்திருக்கு” என்றாள். “மழைக்காலத்துலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் தினம் பேர் படிச்சிருக்காங்க. நாம கேக்கல. அவன் பேரை அதுலதான் படிச்சிருப்பாங்க. மொத பட்டியல்ல.”

“இல்லம்மா” என்றார் அப்பா.

“நீங்க கேட்டீங்களா?”

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார்.

“தம்பி, நீங்க கேட்டீங்களா?”

யாரும் கேட்டிருக்கவில்லை. அண்ணன் பெயரை ரேடியோவில் படிக்கவில்லை என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவராலும் முடியவில்லை. அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. அதன்பின் நாற்பது வருஷத்துக்கும் மேல் அது போதுமாக இருந்தது.

என் வயதில் இருக்கும் நீங்கள் யோசித்துப் பாருங்கள். அப்பாவும் சித்தப்பாவும் கெட்டவர்களா? ஒரு பெண்ணுக்கு வாழ்க்கை அமைய வேண்டும் என்றுதான் செய்தார்கள். அக்காவும் நன்றாகத்தான் வாழ்ந்தாள். ஆனால் ரேடியோவைப் பேசவிட்டிருந்தால், அம்மா ஒவ்வொரு நாளாகக் கேட்டு, ஒவ்வொரு ‘நாளைக்கு’வாகச் சொல்லி, ஏதோ ஒரு மாலையில் அந்தச் சொல் தானாகத் தேய்ந்து நின்றிருக்கும். அழுதிருப்பாள். அவர்கள் அவளுக்கு ஒரு பேசாத மழைக்காலத்தைக் கொடுத்துவிட்டார்கள். அவள் பிள்ளையைக் கொண்டுபோய் அதற்குள் வைத்துவிட்டாள். அங்கே யாரும் அவனைத் தொட முடியவில்லை.

கல்லறைத் திருநாளில் கோயிலில் இறந்தவர்கள் பெயரைப் படிப்பார்கள் அல்லவா. அண்ணன் பெயரைக் கொடுக்க அம்மா விடவில்லை. அப்பா ஒரு வருஷம் அவளுக்குத் தெரியாமல் கொடுக்கப் போய், கோயில் வாசல்வரை சென்று திரும்பிவிட்டார். பெயர் எங்குமே படிக்கப்படவில்லை. சித்தப்பாவோடு அம்மா பேசாமல் இல்லை. பண்டிகைக்குச் சோறு போடுவாள், உடம்பைப் பற்றி விசாரிப்பாள். ஆனால் வீட்டில் ஒரு பல்பு எரியாவிட்டாலும் வேறு ஆளைக் கூப்பிடுவாள். சித்தப்பா கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே வேறு ஆள் ஏணி போட்டு ஏறுவான். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊசிப் பெட்டி என்ன ஆனது என்று தெரியவில்லை. மோதிரம் அம்மாவின் பெட்டியில் இருந்தது. ஓவல்டின் டப்பாவை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கழுவிப் புதிதாக நிரப்பினாள்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவள் பெயரை நான் கொடுத்தேன், படித்தார்கள். அண்ணன் பெயரையும் கூடக் கொடுக்கலாமா என்று இந்த வருஷமும் யோசிக்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டியவளுக்கு அம்மாவிடம் அனுமதி கேட்கத் தோன்றுகிறது.

அந்தச் சாம்பல் புதனுக்கு மறுநாளைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் முடிந்ததாக இருக்காது.

மறுநாள் மாலை சித்தப்பா பெப்பர்மின்ட் டப்பாவைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தார். அம்மா ஒரு ஃபியூஸை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, தானே மாட்டினாள். ரேடியோ பேசியது. நெல் கொள்முதல் பற்றி யாரோ பேசினார். செய்தி வாசித்தார்கள். பெயர் படிக்கும் நேரத்தில் வீணைக் கச்சேரி வைத்தார்கள். பெயர் படிப்பதைப் போன வாரத்தோடு நிறுத்திவிட்டதாக எதிர் வீட்டு மாமி வந்து சொன்னாள்.

அம்மா கச்சேரி முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு “நாளைக்கு” என்று சொல்லி எழுந்து அடுப்படிக்குப் போனாள்.